ஆறாம் தேதிப் பேப்பர்

புரோத்ராபூரில் பக்தவத்சலம் வீட்டில் அன்றைக்குத் தேதி பிப்ரவரி ஆறு. போர்ட் பிளேரில் மற்ற எல்லாருக்கும் இருபத்தாறு.

இது என்ன கூத்து என்று கேட்பவர்கள் அந்த வீட்டுக்குப் புதியவர்கள். மதராஸ் கப்பல் இரண்டரை வாரத்துக்கு ஒரு தடவை வரும். வரும்போது பதினேழு, பதினெட்டு நாள் பேப்பரை ஒரே கட்டாக இறக்கிவிட்டுப் போகும். ஊரில் எல்லாரும் கட்டைப் பிரித்துக் கடைசித் தேதியை முதலில் உருவி, ஒரே ராத்திரியில் அத்தனையையும் மேய்ந்து தள்ளிவிடுவார்கள். பக்தவத்சலம் அந்த ஜாதி இல்லை.

"ரெண்டரை வாரச் சோத்தை ஒரே வேளையில திங்கறானா மனுஷன்? ஒரு நாளைக்கு ஒரு பேப்பர்" என்பார்.

தேதி வரிசைப்படி, காலைக் காபியோடு, தினம் ஒன்று. தாண்டிப் படிக்க மாட்டார். வீட்டில் யாரையும் படிக்க விடவும் மாட்டார். கட்டு சணல் கயிறு போட்டு அவர் அலமாரியில் இருக்கும். ரேடியோ தேர்தல் முடிவையே சொல்லி, அபர்டீன் பஜாரில் லட்டும் கொடுத்தாகிவிட்டது. அவரோ இன்னும் பிரசாரக் கூட்டங்களைப் படித்துக்கொண்டு, யார் ஜெயிப்பார்கள் என்று மனைவி அன்னம்மாளுக்கு ஆரூடம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அம்மாளும் தெரியாத மாதிரியே தலையாட்டிக்கொண்டிருந்தாள். முப்பத்திரண்டு வருஷ தாம்பத்தியம் சும்மாவா?

போன வாரம் நாம் விட்டுவந்த இடத்தில், மூத்த மகன் உதயசூரியன் ஊருக்குத் திரும்ப மூட்டை கட்டிக்கொண்டிருந்தான். பதினாலு வயதில் அப்பா ஜல்லி ஏற்றுகிற பழைய மிலிட்டரி லாரியைச் சௌல்தாரி ரோட்டில் திருட்டுத்தனமாக ஓட்டிப் பழகினவன். பதினெட்டில் மதராஸ் ஒர்க்‌ஷாப்பில் ஸ்பானர் பிடித்தான். இருபத்திரண்டில் பந்தயக் காரில் ஏறினான். இப்போது இருபத்தொன்பது. பணக்காரப் பிள்ளைகள் பொழுதுபோக்குக்கு ஓட்டுகிற அந்தக் கூட்டத்தில், மாசச் சம்பளத்துக்கு ஓட்டுகிற இரண்டு மூன்று பேரில் இவன் ஒருத்தன். அதுவும் பத்து நிமிஷத்துப் பந்தயம் கிடையாது. ஆறு மணி, எட்டு மணி என்று ஒரே காரை இரண்டு பேர் மாற்றி மாற்றி ஓட்டுகிற நெடும் பந்தயம்.

அவன் முதன்முதலில் மதராஸுக்குக் கிளம்பின அன்று அப்பா ஒன்றுதான் சொல்லியிருந்தார். "ஆரம்பிச்சதை நடுவுல விட்டுட்டு வந்து நிக்காதே. நின்னா, அப்புறம் ஜல்லி லாரிதான் உனக்கு."

பத்து நாளைக்கு முன்னால் பேப்பர் கட்டு வந்த அதே கப்பலில் உதயனும் வந்து இறங்கினான். பிப்ரவரி ஐந்தாம் தேதி நடந்த ஆறு மணி நேரப் பந்தயம் என்ன ஆயிற்று என்று வீடே கேட்டது. "நடந்துது" என்றான். அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை. சரி, ஐந்தாம் தேதிச் சமாசாரம் ஆறாம் தேதிப் பேப்பரில் வந்துதானே ஆக வேண்டும் என்று அவன் தங்கை விசாலாட்சி விரல் விட்டு எண்ணிக்கொண்டு காத்திருந்தாள்.

அந்த ஆறாம் தேதிதான் இன்று. இன்று சாயங்காலமே உதயனுக்குக் கப்பல்.

விசாலாட்சிக்கு வயது இருபத்துமூன்று. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணிவிட்டு சர்க்கார் உத்தரவுக்காகக் காத்திருக்கிறாள். ஒரு விஷயம் தெரியவில்லை என்றால் அவளுக்குச் சோறு இறங்காது. காலை ஆறு மணிக்கு அப்பா காபியோடு உட்கார்ந்ததும், கூப்பிடாமலே அலமாரியைத் திறந்து கட்டைப் பிரித்தாள்.

மேலே இருந்தது ஏழாம் தேதி.

கீழே பார்த்தாள். எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு. கட்டு முடிந்துவிட்டது.

"அப்பா, ஆறாம் தேதி காணோம்!"

"நல்லா பாரு."

"மூணு தடவை பாத்துட்டேன். ஏழு இருக்கு, ஆறு இல்ல."

சமையலறையில் அன்னம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள். வீட்டில் ஒரு பூகம்பத்துக்கு எல்லாரும் தயாரானார்கள். பேப்பரில் வத்தல் காயப்போட்டதற்கே ஒரு தடவை இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்த மனிதர் அவர்.

பக்தவத்சலம் காபியை ஒரு வாய் உறிஞ்சினார். எதிரே உட்கார்ந்திருந்த உதயனை ஒரு பார்வை பார்த்தார். உதயன் தன் டம்ளரில் வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தான். பாதி டம்ளருக்குள், பாதி மேஜையில்.

"போவட்டும். ஆறு கிடைக்காம ஏழைப் படிக்கறதா இல்ல. இன்னிக்கு எனக்குப் பேப்பர் லீவு" என்று எழுந்து போய்விட்டார்.

அவ்வளவுதான். சத்தமே இல்லை. அதுதான் விசாலாட்சிக்கு வியப்பாக இருந்தது. அப்பாவுக்கு உடம்பு சரியில்லையா என்றுகூட நினைத்தாள்.

பேப்பருக்குக் கால் முளைக்காது. பால்காரம்மா உள்ளே வரவில்லை. அம்மா ஜென்மத்துக்கும் அந்த அலமாரிப் பக்கம் போக மாட்டாள். மிச்சம் யார்? அண்ணன் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவளைத் தலை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அண்ணா, பஜாருக்குப் போறியா? நானும் வரேன்" என்றாள்.

ஜீப் வீட்டை விட்டுக் கிளம்பிப் பாக்குத் தோப்பு தாண்டுகிற வரைக்கும் விசாலாட்சி வாயைத் திறக்கவில்லை. அதற்கு மேல் அவளால் முடியவில்லை.

"ஆறு மணி நேரம் எப்படிண்ணா உக்காந்து ஓட்டறே? போர் அடிக்காது?"

உதயன் சிரித்தான். கார் பேச்சு என்றால் அவனுக்கு முகமே மாறிவிடும்.

"ஆறு மணி நேரம்னு நெனைச்சா பைத்தியம் பிடிச்சிடும். ஒரு சுத்துக்கு ரெண்டு நிமிஷம் சொச்சம். அந்த ரெண்டு நிமிஷத்தை மட்டும் ஓட்டணும். அப்புறம் அதையே மறுபடி. நூத்தம்பது தடவைக்கு மேல."

"நடுவுல ஒண்ணுக்கு வந்தா?"

"வந்தா வந்ததுதான்."

"சீ!"

"நீதானே கேட்டே? ஒண்ணரை மணி நேரம் கிருஷ்ணமூர்த்தி, ஒண்ணரை மணி நேரம் நான். அவன் குள்ளம். அதனால அவன் ஏறும்போது முதுகுக்கு ஒரு மெத்தை வைப்பாங்க, நான் ஏறும்போது பிடுங்கி எறிவாங்க. சீட்டு அடுப்பு மாதிரி கொதிக்கும். எறங்கினதும் கை தானா ஆடும். உப்புப் போட்ட எலுமிச்சை ஜூஸைக்கூட யாராவது புகட்டித்தான் விடணும்."

"ரொம்ப வேகமா ஓட்டுறவன்தான் ஜெயிப்பானா?"

"வேகமா ஓட்டுறது சின்னப் பசங்க வேலை. இதுல பிரேக்கை மிச்சம் பிடிக்கணும், கிளட்சை மிச்சம் பிடிக்கணும், பெட்ரோலை மிச்சம் பிடிக்கணும். காரை உசிரோட கடைசி வரைக்கும் கொண்டுவந்து சேக்கறவன்தான் ஜெயிப்பான்."

"பெட்ரோல் எவ்வளவு இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

உதயன் கியர் மாற்றினான்.

"எங்க காருல அந்த முள்ளு சரியா வேலை செய்யாது. எங்க ஆளுங்க கணக்கு வெச்சிருப்பாங்க. நேர் ரோட்டு ஓரமா எங்க கொட்டாய் இருக்கும், பிட்டுன்னு சொல்வாங்க. ஒவ்வொரு சுத்துக்கும் அங்கேருந்து ஒரு கறுப்புப் பலகையில எழுதி நீட்டுவாங்க. 'உள்ளே வா'ன்னு இருந்தா அடுத்த சுத்துல உள்ளே திரும்பணும்."

"எந்தப் பக்கம் நீட்டுவாங்க?"

"இடது பக்கம். ஏன்?"

"சும்மா கேட்டேன்."

பேசும்போதெல்லாம் உதயன் உடம்பையே திருப்பி அவளைப் பார்த்தான். ரோட்டைப் பார்த்து ஓட்டேன் என்று சொல்ல அவள் வாயெடுத்த நேரத்தில், இடது பக்கச் சந்திலிருந்து மீன் கூடையோடு ஒரு சைக்கிள் வந்தது. நன்றாகத் தெரிகிற மாதிரிதான், நிதானமாகத்தான் வந்தது. ஜீப் வேகம் குறையவில்லை.

"அண்ணா, சைக்கிள்!"

உதயன் பிரேக்கில் ஏறி நின்றான். சைக்கிள்காரன் கூடையோடு சாய்ந்து, ரோடெல்லாம் மீன். ஒரு வங்காளத்து ஆள். எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டே, "அரே, அந்தா ஹை க்யா? கண்ணு தெரியலையா உனக்கு?" என்று ஹிந்தியிலும் தமிழிலும் மாற்றி மாற்றிக் கத்தினான்.

பந்தயக்காரனைப் பார்த்து இப்படிக் கேட்டால் சும்மா இருப்பானா? பழைய உதயனாக இருந்தால் இறங்கிச் சட்டையைப் பிடித்திருப்பான். இன்றைக்கு இறங்கினான், ஒவ்வொரு மீனாகப் பொறுக்கிக் கூடையில் போட்டான், "மாஃப் கரோ பாய்" என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டான். திரும்பி வந்து உட்கார்ந்தபோது அவன் முகம் வெளுத்திருந்தது.

"பாத்துட்டேன். பிரேக்தான் கொஞ்சம் லேட்டா பிடிக்குது" என்றான்.

ஜீப் பிரேக்குக்கு ஒரு குறையும் இல்லை என்று விசாலாட்சிக்குத் தெரியும். போன வாரம்தான் அப்பா புது லைனிங் போட்டிருந்தார். அதற்கும் முன்னால், வந்த மறுநாளே, உதயன் ஜீப்பைப் பின்னால் எடுத்துப் பலா மரத்தில் மோதியிருந்தான். அதுவும் இடது பக்கம்தான்.

பஜாரில் உதயன் டயருக்குக் காற்றடிக்கப் போனான். விசாலாட்சி நேராகச் சாகுல் ஹமீது கடைக்குள் நுழைந்தாள். ஊருக்கே மளிகை போடுகிறவர். அதே கப்பலில் அதே பேப்பர் அவருக்கும் வருகிறது.

இங்கேதான் உதயன் கோட்டை விட்டது. வீட்டுக் கட்டிலிருந்து ஒன்றை உருவிவிட்டால் அந்தச் செய்தியே அந்தமானுக்கு வரவில்லை என்றா ஆகிவிடும்? ஆனால் அப்பாவின் அலமாரியில் இல்லாத தேதி உலகத்திலேயே இல்லை என்று நினைத்து வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். விசாலாட்சிக்கே இந்த யோசனை வர இரண்டு மணி நேரம் பிடித்தது.

"ஆறாம் தேதிப் பேப்பர் இருக்குமா பாய்?"

"அட நீ ஒண்ணு! இங்க தேதியெல்லாம் பருப்பு சுத்திப் போயி ஒரு வாரமாச்சு. மஸூதா, மிச்சம் மீதி ஏதும் கிடக்கா பாரு" என்றார் சாகுல் ஹமீது.

அவர் மனைவி மஸூதா கடைக்குப் பின்னால் கூம்புப் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தாள். "மடிச்சு வெச்சதெல்லாம் இந்தக் கோணியிலதான் இருக்கு. உனக்கு வேணும்னா தேடிக்க தங்கச்சி. என்ன, யாருக்காவது கல்யாண விளம்பரமா?" என்று கண்ணைச் சிமிட்டினாள்.

"அதெல்லாம் இல்லக்கா."

"இருந்தா சொல்லு, மாப்பிள்ளைக்குத் தனியா கற்கண்டு மடிக்கறேன்."

விசாலாட்சி தரையில் உட்கார்ந்து கூம்பு கூம்பாகப் பிரித்தாள். மஸூதா அவளோடு சேர்ந்து உட்கார்ந்து, பிரித்ததையெல்லாம் திட்டிக்கொண்டே மறுபடி மடித்தாள். ஜனவரி, ஜனவரி, பிப்ரவரி நாலு, சினிமா விளம்பரம், ரயில் கால அட்டவணை. ஐம்பதுக்கு மேல் பிரித்திருப்பாள். பாதி ஒட்டிய ஒரு கூம்பில் "மோட்டார்" என்ற எழுத்து கண்ணில் பட்டது. பசை காயவில்லை. நிதானமாகப் பிரித்தாள்.

'வெற்றியை நழுவவிட்ட அகம்பாவம்' என்று தலைப்பு.

'நேற்று நடந்த ஆறு மணி நேர மோட்டார் பந்தயத்தில் ஐந்தரை மணி நேரம் முன்னணியில் இருந்த சிவப்புக் கார், பெட்ரோல் தீர்ந்து பாதையிலேயே நின்றது. உள்ளே வரும்படி குழுவினர் தொடர்ந்து மூன்று சுற்றுகள் பலகை காட்டினர். ஓட்டுநர் உதயசூரியன் அதைச் சற்றும் பொருட்படுத்தாமல் பாய்ந்து சென்றதை ஆயிரக்கணக்கானோர் கண்டனர். சக ஓட்டுநர் கிருஷ்ணமூர்த்தி பாதையோரம் அமர்ந்து கண்ணீர் விட்டார்.'

விசாலாட்சி இரண்டு தடவை படித்தாள். முதல் தடவை கோபம் வந்தது. அண்ணன் மேலும், எழுதினவன் மேலும். இரண்டாவது தடவை அந்தப் பலகையிடம் வந்ததும் நின்றுவிட்டாள். மூன்று சுற்று. நேர் ரோடு. இடது பக்கம்.

மேஜையில் கொட்டின வெந்நீர். பலா மரம். மீன் கூடை. பத்து நாளாக எங்கே உட்கார்ந்தாலும் இடது பக்கம் சுவரை வைத்துக்கொண்டு உட்கார்ந்த அண்ணன்.

"ஐயோ" என்றாள் வாய்விட்டு.

"என்னாச்சு தங்கச்சி?" என்றாள் மஸூதா.

விசாலாட்சி காகிதத்தை மடித்துக்கொண்டு ஓடினாள்.

கடலோரமாக ஜீப்பை நிறுத்தச் சொன்னாள். ஜீரக வாசனையடித்த அந்தக் காகிதத்தை அண்ணன் மடியில் வைத்தாள். அவன் படிக்கவில்லை. அவனுக்குத்தான் மனப்பாடமாயிற்றே.

"எத்தனை நாளா அண்ணா?"

"எது?"

"எங்கிட்ட வேணாம். இடது கண்ணு எத்தனை நாளா தெரியல?"

உதயன் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். நின்றிருந்த ஜீப்பில் எதற்குப் பிடிப்பானோ.

"போன வருஷம் முன்னாடி போன காருலேருந்து ஒரு கல்லு தெறிச்சு அடிச்சுது. நாலு நாள் செவந்திருந்துது, சரியாப் போச்சு. தீபாவளிக்கு அப்புறம்தான் மங்க ஆரம்பிச்சுது. துடைக்காத அரிக்கேன் கண்ணாடி வழியா பாக்கற மாதிரி. இப்ப அதுவும் இல்ல. வெளிச்சம் மட்டும் தெரியுது."

"டாக்டர்கிட்ட போனியா?"

"போனா சர்டிபிகேட்டைப் பிடுங்கிடுவான். லைசென்ஸ் போச்சு, சம்பளம் போச்சு, எல்லாம் போச்சு. எல்லாரும் என்னைத் திமிர் பிடிச்சவன்னு சொல்றாங்க. சொல்லிட்டுப் போகட்டும். திமிர் பிடிச்சவனுக்கு அடுத்த பந்தயம் குடுப்பாங்க. குருடனுக்கு யார் குடுப்பா?"

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"அடுத்த பந்தயம் எப்போ?"

"மார்ச் பன்னெண்டு. கொழும்புல. பன்னெண்டு மணி நேரம். முதலாளி எம்மேல கோவமாத்தான் இருந்தார். கிருஷ்ணமூர்த்திதான் அழுதுட்டே போய், 'உதயன் இல்லாம நான் ஏறமாட்டேன்'னு சொன்னான். கையெழுத்துப் போட்டாச்சு. இது ஒண்ணு மட்டும் விசாலம். இதை முடிச்சுட்டேன்னா நானே போய் கண்ணைக் காட்டறேன். அந்தப் பாதை எனக்கு எண்ணிக்கையிலயே வந்துடும். ஒண்ணு, ரெண்டு, மூணு, வலது. கண்ணே வேணாம்."

"பாதை எண்ணிக்கையில வரும். பக்கத்துல வர்ற கார் எந்த எண்ணிக்கையில வரும்? இடது பக்கமா முந்தறவனுக்கு வீடு வாசல் கிடையாதா? இன்னிக்கு அந்த மீன்காரன் நிதானமா வந்தான், பொழைச்சான்."

உதயன் காகிதத்தை நாலாக மடித்தான். சின்னக் குரலில் சொன்னான்.

"அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதே. சௌல்தாரியில ஜல்லி லாரி ஓட்டறதுக்கு நான் கடலுல விழுந்து சாகலாம். கண்ணில்லாதவனுக்கு அந்த லாரியும் கிடையாது."

விசாலாட்சி சொல்கிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. சொன்னால் அண்ணனின் பதினோரு வருஷ உழைப்புக்கு அவளே முற்றுப்புள்ளி வைக்கிறாள். சொல்லாவிட்டால் முகம் தெரியாத யாரோ ஒருத்தன் கொழும்பில் சாகலாம். இவனேகூடச் சாகலாம். தெரிந்துகொள்ளாமல் சோறு இறங்காத பெண்ணுக்கு அன்று மத்தியானம் தெரிந்துகொண்டதால் சோறு இறங்கவில்லை.

நாலரை மணிக்கு ஜெட்டியில் நல்ல கூட்டம். கல்கத்தா போய்விட்டுத் திரும்பியிருந்த கப்பல் மதராஸுக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. கூலிகள் மூன்று பாஷையில் சண்டை போட்டுக்கொண்டு சாமான் தூக்கினார்கள்.

பக்தவத்சலம் குடும்பத்தோடு வந்திருந்தார். உதயனுக்கு ஒரு தோல் பை, ஒரு பெட்டி. அன்னம்மாள் தன் பங்குக்கு ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்திருந்தாள்.

"இதுல என்னம்மா?" என்றாள் விசாலாட்சி.

"ஊறுகாய்" என்றாள் அம்மா. கண்ணெல்லாம் சிவந்திருந்தது. மகன் ஊருக்குப் போகும்போதெல்லாம் அழுகிறவள்தான்.

விசாலாட்சி அப்பாவைப் பார்த்தாள். சொல்லிவிட வேண்டும். இப்போது இல்லாவிட்டால் எப்போது? "அப்பா, ஒரு விஷயம்" என்று ஆரம்பித்தாள். அவர் கையமர்த்தினார்.

உதயன் கூலியோடு பேசிக்கொண்டிருந்தான். பக்தவத்சலம் சத்தம் போடாமல் நடந்து போய் அவனுக்கு இடது பக்கம், ஒரு முழ தூரத்தில் நின்றார். சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து அவன் பக்கமாக நீட்டினார்.

உதயன் கூலிக்காரனிடம் சில்லறை கேட்டு வாங்கினான். பையை எடுத்துத் தோளில் மாட்டினான். சுற்றுமுற்றும் பார்த்தான்.

"அப்பா எங்கே? நேரமாச்சு, ஆசீர்வாதம் வாங்கணும்."

நீட்டின கை நீட்டினபடியே இருந்தது. காகிதம் காற்றில் படபடத்தது. அன்னம்மாள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"அப்பா!" என்று உதயன் வலது பக்கமாகத் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்துக் கூப்பிட்டான்.

"இங்கதான்டா நிக்கறேன்" என்றார் பக்தவத்சலம்.

உதயன் விருக்கென்று திரும்பினான். அப்பாவின் முகத்தைப் பார்த்தான், அவர் நீட்டியிருந்த கையைப் பார்த்தான். அவர் எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. தோளிலிருந்து பை நழுவிக் கீழே விழுந்தது.

"விசாலம் சொல்லிட்டாளா?"

"அவ ஒண்ணும் சொல்லல. கப்பல் வந்த அன்னிக்கே படிச்சுட்டேன்."

விசாலாட்சிக்குத் தூக்கிவாரிப்போட்டது. "நீங்களா? தேதி தாண்டியா?"

"பின்ன? என் புள்ள ஓட்டின பந்தயம். பத்து நாள் பொறுத்துக்கிட்டு இருக்க நான் என்ன கல்லா?" என்று அவளிடம் எரிந்துவிழுந்தார் பக்தவத்சலம். பிறகு மகன் பக்கம் திரும்பினார். "நீங்கல்லாம் தூங்கினதும் எடுத்துப் படிச்சுட்டு, இருந்த மாதிரியே மடிச்சு வெச்சேன். முப்பது வருஷமா லாரிக்காரனுங்களோட குப்பை கொட்டறேன். திமிர்ல சிக்னலை மதிக்காதவன் எப்படி இருப்பான்னு எனக்குத் தெரியும். நீ அப்படி வளரல. அப்புறம் பலா மரத்துல இடிச்சே. சரி, நீயா வாயைத் தொறந்து சொல்லுவேன்னு பத்து நாள் பாத்தேன். நீ என்னடான்னா பேப்பரைத் திருடறே!"

"நடுவுல விட்டுட்டு வந்து நிக்காதேன்னு நீங்கதானேப்பா சொன்னீங்க?"

பக்தவத்சலம் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சொன்னேன். ஒரு முட்டாள் சொன்னான்னா அதையே பதினோரு வருஷம் பிடிச்சுட்டுத் தொங்குவியா?"

உதயன் அழுதான். ஜெட்டியில் அத்தனை பேர் பார்க்க, நெட்டையாக வளர்ந்த ஆண்பிள்ளை, புறங்கையால் கண்ணைத் துடைத்துத் துடைத்து அழுதான். அப்பா அவன் தோளைத் தொடவில்லை, தொடத் தெரிந்தவரும் இல்லை. அவர் கையிலிருந்த காகிதத்தை விசாலாட்சியிடம் நீட்டினார்.

கப்பலுக்குப் பங்க் கிளாஸ் டிக்கெட். பெயர் எழுதும் இடத்தில் 'பி. விசாலாட்சி' என்று இருந்தது.

"அம்மா, அந்தப் பெட்டியில ஊறுகாயா இருக்கு?" என்றாள் அவள்.

"நாலு புடவை, உன் ஸ்வெட்டர். ஊறுகாயும் இருக்கு" என்றாள் அன்னம்மாள்.

"எழும்பூர் கண்ணாஸ்பத்திரி. எறங்கினதும் நேரா அங்கதான். அப்புறம்தான் முதலாளி, காரு, கொழும்பு எல்லாம்" என்றார் பக்தவத்சலம். "இவன் வேற எங்கயாவது போலாம்னு சொல்லுவான். விடாதே. நீதான் எதையும் குடைஞ்சு குடைஞ்சு கேக்கறவளாச்சே. டாக்டரைக் கேளு."

"டாக்டர் இனிமே ஓட்டவே கூடாதுன்னு சொல்லிட்டா?" என்று கேட்டான் உதயன்.

கப்பல் முதல் சங்கு ஊதியது. ஓய்கிற வரைக்கும் பக்தவத்சலம் காத்திருந்தார்.

"எது சொன்னாலும் தந்தி குடு. அதை மட்டும் தேதி பாக்காம படிக்கறேன்."

பிறகு சட்டென்று ஞாபகம் வந்தவர் போலக் கையை நீட்டினார். "பையில இருக்கற ஆறாம் தேதியைக் குடுத்துட்டுப் போ. வரிசையில ஒண்ணு குறையுது."

உதயன் பையைத் திறந்து, சட்டைகளுக்கு அடியிலிருந்து பேப்பரை எடுத்துக் கொடுத்தான். அவர் அதை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

கயிற்றுக் கைப்பிடி போட்ட படியில் அண்ணனும் தங்கையும் ஏறினார்கள். கூட்டம் நெருக்கித் தள்ளியது. விசாலாட்சி தகரப் பெட்டியை மறு கைக்கு மாற்றிக்கொண்டு அண்ணனுக்கு இடது பக்கமாக வந்துவிட்டாள்.

பாதி ஏறியிருப்பார்கள். உதயன் அவள் காதருகே குனிந்தான். அழுத முகம் காயவில்லை. அதற்குள் குரலில் அந்தப் பழைய உற்சாகம் எட்டிப்பார்த்தது.

"விசாலம், கொழும்புல எங்க கொட்டாய் வலது பக்கம். நம்பிக்கையான ஆள் ஒருத்தர் பலகை பிடிச்சா..."

விசாலாட்சி அவன் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள்.

"முதல்ல இடது காலை எங்க வைக்கறேன்னு பாத்து ஏறு" என்றாள்.